தம்பியின் ஷிஃப்ட்

என் தம்பியின் கிட்னி எனக்குச் சேரும் என்று ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் குவார்ட்டர்ஸில் கேசரி கிளறினோம். பதினைந்து வருடமாகச் சர்க்கரை வியாதியோடு இருக்கும் என் வீட்டுக்காரர் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை. அவருடைய கிட்னியை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனுஷன் என் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்தார். அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தம்பி கர்னல். வடக்கே ஒரு பட்டாளத்துக்கு அவன்தான் தலைவன். எழுநூறு எண்ணூறு பேர் அவன் சொல்லுக்கு நிற்பவர்கள். பத்து நாள் லீவில் வந்தான். ரத்தம் கொடுத்தான், ஸ்கேன் எடுத்தான், ராணுவத்தில் எழுதிக் கேட்டு அனுமதிக் காகிதமும் வாங்கினான். அதில் ஒரு நகலை என் பீரோவில் வைத்துவிட்டுப் போனான். கிட்னி கொடுத்தவனை அதற்குப் பிறகு எல்லையில் படை நடத்த விடமாட்டார்கள், உடம்புத் தகுதியைக் குறைத்து ஏதாவது ஆபீஸ் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்டதற்கு, “போனா போவுதுக்கா, நாற்காலி மெத்துன்னுதான் இருக்கும்” என்று சிரித்தான். சித்திரை முடிந்ததும் ஆபரேஷன் என்று பாண்டிச்சேரியில் தேதி குறித்தார்கள்.

எனக்கு வாய் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டுகளை ஓட்டுகிற கன்ட்ரோல் ரூமில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். மைக்கில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. அம்மா போனபோது எனக்குப் பதினேழு வயது, தம்பிக்கு ஒன்பது. அதற்குப் பிறகு அவனுக்குத் தலை துவட்டியதும் முதுகில் இரண்டு வைத்ததும் நான்தான். எண்ணூறு பேரை அதட்டுகிறவன் என்னிடம் மட்டும் வாயைக் கொடுக்க யோசிப்பான்.

சின்ன வயதில் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. டி.வி.யில் தேசிய கீதம் வந்தால் சாப்பாட்டில் இருந்து எழுந்து நிற்பான். முழங்கை வரை குழம்பு ஒழுகும். “தரையைத் துடைக்கறது யாருடா?” என்று கத்துவேன். முடியும்வரை பதில் வராது. கர்னல் ஆன பிறகும் இதே கதைதான். கேலி செய்து பார்த்துவிட்டேன். சிரிப்பானே தவிர உட்காரமாட்டான். அது நடிப்பில்லை என்பதால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் எனக்கு டயாலிசிஸ். நெய்வேலி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்தால் தெரியும், உயிரோடு இருப்பது என்றால் என்னவென்று. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, மிஷினில் படுத்திருந்த நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

“அக்கா, தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடணும்.”

“எத்தன நாளு?”

“சொல்ல முடியாது.”

“சொல்ல முடியாதா, சொல்லக் கூடாதா?”

“ரெண்டும்தான்.”

எல்லையில் நிலைமை சரியில்லை என்று இரண்டு நாளாகச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பட்டாளத்தை முன்னால் நகர்த்திவிட்டார்கள், லீவு எல்லோருக்கும் ரத்து என்பது புரிந்தது. சரி, அரசாங்க உத்தரவு, அவன் என்ன செய்வான் என்றுதான் அன்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடமும் அப்படியே சொன்னேன்.

அடுத்த வாரம் என் இடது கை கைவிட்டது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் தைத்து வைத்திருந்த ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் துளை போட்டு ஒரு டியூபைச் சொருகினார்கள். அதில் கிருமி புகுந்து நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. “இந்த டியூபை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா. மூணு மாசத்துக்குள்ள மாத்துக் கிட்னி வெச்சாகணும். அடுத்த தடவை காய்ச்சல் வந்தா இந்த மாதிரி எழுந்து உட்காருவீங்களான்னு என்னால சொல்ல முடியாது” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து நான் மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் அந்த அசட்டுக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் டவுன்ஷிப்காரர்களுக்கு ஒரு புத்தி. எந்தச் சிக்கலையும் ஒரு அப்ளிகேஷனில் தீர்த்துவிடலாம் என்று நம்புவோம். உனக்கு நாளைக்குக் காதுகுத்து என்றால் உன் ஷிஃப்டை நான் பார்க்கிறேன், எனக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்றால் என்னுடையதை நீ பார். காகிதத்தில் இரண்டு பேர் கையெழுத்து, மேலே இன்சார்ஜ் கையெழுத்து, தீர்ந்தது விஷயம். இந்த ஊரில் நல்லது கெட்டது எல்லாமே அந்த எக்ஸ்சேஞ்ச் காகிதத்தில்தான் நடந்திருக்கிறது. பட்டாளம் என்றால் மட்டும் என்ன, அதுவும் ஒரு ஷிஃப்ட்தானே என்று நினைத்தேன். பீரோவில் இருந்த அனுமதிக் காகிதத்தில் அவனுடைய மேலதிகாரியின் முகவரி இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். ஐயா, என் உயிர் இன்ன நிலையில் இருக்கிறது, என் தம்பியைச் சில வாரங்கள் விடுவித்து அனுப்புங்கள் என்று. அதோடு விட்டேனா? அவனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆபீசரை அந்த நாட்களுக்கு மாற்றாகப் போடலாம் என்று யோசனை வேறு சொல்லியிருந்தேன். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

“வேணாம்மா. அவன் மானம் போயிடும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“என் உயிரு போனா பரவால்லையா?”

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் தம்பி கூப்பிட்டான். எப்போதும் முதலில் சாப்பிட்டியா என்று கேட்பவன் அன்று கேட்கவில்லை.

“எழுதினியா?”

“எழுதினேன்.”

“யாரைக் கேட்டு எழுதின?”

“என் உடம்பைக் கேட்டு எழுதினேன்.”

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் ஏதோ கேட்டார்கள். பொறுங்கள் என்று அவன் சொன்னது கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

“காலைல பெரியவர் கூப்பிட்டாருக்கா. உன் லெட்டரைப் படிச்சிருக்காரு. கிளம்பு, உனக்குப் பதிலா ஆள் அனுப்பறேன்னு ஆர்டரே போட்டுட்டாரு.”

 எழுந்து நின்றுவிட்டேன். “எப்ப வர்ற?”

“வரலக்கா. வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அதுவரை அவனை விடமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விட்டும் வரமாட்டேன் என்கிறான். 

“ஏன்டா?”

“இங்க இருக்கற நெலமை உனக்குத் தெரியாது. புது ஆளு வந்து எடத்தையும் பசங்களையும் புரிஞ்சுக்கறதுக்குள்ள நாலு பொணம் விழும். இவங்களை இங்க கூட்டிட்டு வந்தவன் நான். பேருக்கு ஒருத்தரை உட்கார வெச்சிட்டு வந்தா அது ரிலீவ் ஆகறதா?”

“நாடு நாடுங்கறியே, அந்த நாட்டுல நான் இல்லையாடா?”

“இருக்கக்கா.” பிறகு சொன்னான், “ரிலீவர் வராம எந்திரிச்சா ஊருக்கே கரண்டு போயிடும்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த.”

சொன்னேன்தான். அம்மா செத்த அன்று சொன்னேன். அப்பாவுக்குத் தெர்மலில், கரண்டு எடுக்கிற அனல்மின் நிலையத்தில் வேலை. கொதிகலன் முன்னால் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம். அன்று அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் இருந்து தெர்மலுக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த ஆள் வரவில்லை. அப்பா வந்து சேர்ந்தபோது அம்மாவின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி, “அப்பா ஏன் வரல, ஏன் வரல” என்று அரற்றிக்கொண்டே இருந்தான். அப்பாவை அவன் வெறுத்துவிடக் கூடாது என்று எனக்குப் பயம். “அப்பா எந்திரிச்சு வந்தா ஊருக்கே கரண்டு போயிடும்டா கண்ணு. ஆஸ்பத்திரியில லைட்டு எரியாது. மத்த அம்மாங்கல்லாம் என்ன ஆவாங்க?” என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு மேலே எரிந்த டியூப்லைட்டைப் பார்த்தான். நான் சொன்னதை அப்படியே நம்பினான்.

அதை இப்போது எனக்கே திருப்பிச் சொல்கிறான். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கழுத்தில் டியூப் தொங்க, நடுக்கூடத்தில் நின்றுகொண்டு சொன்னேன்:

“சரிடா. நீ நாட்டைக் காப்பாத்து. எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தான், அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்.”

துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவனிடம் சொல்கிற வார்த்தையா அது? அவன் “உடம்பைப் பார்த்துக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அந்தப் பகுதியில் குண்டு விழுகிறது என்று செய்தி வந்தது. அவன் எண்ணைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்தும் அதையேதான் சொன்னாள். டி.வி.யில் ஆட்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் என் தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை.  எனக்கு நாக்கில் கரிநாக்கு மச்சம் இருப்பதாகச் சின்ன வயதில் அத்தைகள் கேலி செய்வார்கள். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன்.

நான்காவது நாள் காலையில் தம்பி மனைவி வந்தாள். அவளுக்குத் தாய்வீடு வடலூர். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். வடக்கே பட்டாளத்துக் குடியிருப்பில் இருந்தவள், ரயிலில் வந்து, தாய்வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெட்டியோடு நுழைந்தாள். அதிகம் பேசாதவள். குளித்து, காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, எனக்கும் உங்க பிளட் குரூப்தான். நாளைக்கே டெஸ்ட் எடுக்கலாம். பாண்டிச்சேரிக்கு போன் பண்ணிட்டேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது. “அவன் சொல்லி அனுப்பினானா?”

“அவருக்குத் தெரியாது. நாலு நாளா எனக்கும் போன் கெடைக்கல.”

“அவன் குடுக்க வேண்டியதை உன்கிட்ட பிடுங்கித் தின்ன நான் என்ன பேயா? போம்மா, போய்ப் பொண்ணைப் பாரு.”

“அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.” சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். “அவ பொறந்தப்ப அவர் மலை மேல இருந்தாரு. நீங்கதான் ஷிஃப்ட் மாத்தி மாத்தி மூணு வாரம் வந்து பார்த்தீங்க. அவர் வருவாரு வருவாருன்னு காத்திருக்கறதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி அண்ணி. நீங்க இப்பதான் புதுசு.”

மறுநாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் அவளோடு பாண்டிச்சேரிக்குப் போனேன். 

டெஸ்டில் சேர்ந்தது. ஆனால் அவள் எனக்கு ரத்த உறவில்லை. அதனால் ஒரு கமிட்டி உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், அதற்கு முன் அவளுடைய கணவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். “அவ உடம்பைக் குடுக்க அவ சொன்னா போதாதா?” என்று கேட்டேன். சட்டம் அப்படி என்றார்கள். அவள் பட்டாளத்தின் பழைய முகாம் ஆபீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். செய்தியை மேலே அனுப்புகிறோம், பதில் எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். கர்னல் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கேட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “ஏதாவது ஆயிருந்தா எனக்கு ஆள் வந்து சொல்லுவாங்க. வரலேன்னா இருக்காருன்னு அர்த்தம்” என்று அவள் ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பேப்பர்காரன் வந்தாலும் கேஸ்காரன் வந்தாலும் ஜன்னலுக்கு ஓடினேன். சண்டை ஓய்ந்தது என்று டி.வி.யில் சொன்ன பிறகும் அவன் எண்ணில் அதே பெண் குரல்தான் வந்தது. நடுவில் இரண்டு நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. டியூபைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று அவள் காலையிலும் மாலையிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

என் தம்பியை நான் வாயால் சாகடித்த பதினோராம் நாள். அவள் கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். சாதாரண பேண்ட் சட்டைதான், ஆனால் நின்ற நிலையிலேயே பட்டாளத்து ஆள் என்று தெரிந்தது. தலை மழித்திருந்தான். கையில் ஒரு பழுப்பு நிறக் கவர்.

அவளும் பார்த்தாள். முறத்தை ஓரமாக வைத்தாள். மடியில் இருந்த பருப்புத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோள் மேல் சரியாக வைத்துக்கொண்டாள். யாரையோ வரவேற்கத் தயாராவது போல அவள் அதைச் செய்தாள். நான்தான் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

“இருக்கானா?”

அந்த ஆள் திகைத்துப் போனான். “யாருங்க, சாருங்களா? நல்லா இருக்காருங்க. லெட்டர் குடுத்து அனுப்புனாருங்க.”

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எதிர் குவார்ட்டர்ஸ் கதவெல்லாம் திறந்தது. திறந்தால் திறக்கட்டும் என்று அழுதேன். அவள் அழவில்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் தம்பியின் பட்டாளத்தில் ஹவில்தார். ஊர் இங்கே பக்கத்தில் முத்தாண்டிக்குப்பம். “சண்டை ஓஞ்சதும் மொத லீவு எனக்குத்தாங்க குடுத்தாரு. எங்க வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இத்தக் குடுத்துட்டுப் போன்னாரு, ஆனா நேத்து நேரா வூட்டுக்குப் போயிட்டங்க” என்றான். தலையைத் தடவிக்கொண்டான். “அப்பா தவறிட்டாருங்க. எல்லாத்தையும் அண்ணந்தான் பண்ணாரு. நான் வந்து மொட்டை மட்டும் அடிச்சிக்கினேன்.”

“சாவுக்கு லீவு தரலையா?” என்று கேட்டேன்.

“தரலைங்க.”

“யாரு?”

“சாருதாங்க.” தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். “காலைல போனு வந்திச்சிங்க, அப்பாவுக்கு இழுத்துகினு கெடக்குதுன்னு. ஓடிப் போயி சார் முன்னாடி நின்னேன். இன்னிக்கி ஒருத்தரையும் அனுப்ப முடியாதுன்னுட்டாரு. அன்னிக்கி சாயங்காலமே மேல ஏறணும்ங்க. மனசுல அவர அப்படித் திட்டினேன். அப்பறமாதான் ஆபீஸு கிளார்க்கு சொன்னாரு. அதே காலைல சாரப் போவச் சொல்லி மேலருந்து ஆர்டரு வந்திச்சாம். அக்காவுக்கு ஒடம்பு முடியலன்னு. என்னை இல்லன்னு அனுப்பிட்டு அரை மணி நேரங்கூட ஆவலையாம். வேணாம்னுட்டாராம்.”

சொல்லிக்கொண்டே வந்தவன் என் கழுத்து டியூபைப் பார்த்தான். நான் யார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

என் கடிதம் போய் விழுந்த காலை அது. ஒரு கையால் இவனைத் தடுத்துவிட்டு, மறு கையால் என் காகிதத்தை வாங்கியிருக்கிறான் தம்பி. அதைப் போனில் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று எனக்குக் காதில் ஏறியிருக்காது.

“அவன் மேல உங்களுக்குக் கோவம் இல்லையாப்பா?”

“ஏங்க இல்லாம? பெத்தவரு மூஞ்சியப் பாக்கல. இன்னும் ஆறலைங்க.” பழுப்புக் கவரை எடுத்து அவளிடம் நீட்டினான். “ஆனா அன்னிக்கி அவரு கெளம்பிப் போயிருந்தாருன்னா, நான் துப்பாக்கியப் போட்டுட்டு வந்துகினே இருந்திருப்பங்க. நான் மட்டும் இல்ல.”

அவன் போன பிறகு கவரைப் பிரித்தோம். சம்மதக் கடிதம். ஒரு இடத்தில் போட்டால் போதும் என்ற கையெழுத்தை மூன்று இடத்தில் போட்டு, கீழே கோடு இழுத்து, முத்திரை வைத்திருந்தான். நான் கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். எனக்கு என்று ஒரு வரி இல்லை. அவளுக்கும் இல்லை. அவள் தேடவும் இல்லை. காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு மிச்சப் பருப்பைப் பார்க்க உட்கார்ந்தாள்.

கமிட்டியில், யாராவது உன்னை வற்புறுத்தினார்களா என்று அவளைக் கேட்டார்களாம். “அவங்கதான் வேண்டாம் வேண்டாம்னு வற்புறுத்தினாங்க” என்றாளாம். டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தபோது எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் கிடத்தினார்கள். எனக்கு நினைவு திரும்பியதும் நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நர்ஸ் ஒரு பெரிய பாட்டிலை நீட்டி, “குடிங்கம்மா, நெறையக் குடிக்கணும்” என்றாள். ஒன்றரை வருடம் கழித்து அளக்காமல் தண்ணீர் குடித்தேன். அவள் பக்கத்து அறையில் வலியில் முனகுவது சுவர் வழியாகக் கேட்டது.

ஐந்து மாதம் கழித்துத் தம்பி வந்தான். பட்டாளத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, இடையில் கிடைத்த லீவில் வந்தான். சாயங்காலம் ஆறரை இருக்கும். பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், எனக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு.

அவன் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எதிரில் வந்து நின்றதும் எல்லாம் ஆவியாகிவிட்டது. பையைக் கீழே வைத்தான். அதற்குள் இருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜை மேல் வைத்தான். அவனுடைய டெஸ்ட் ரிப்போர்ட்டுகள். மலை மேலேயும் கொண்டு போயிருக்கிறான். ஓரமெல்லாம் ஈரம் பட்டு உப்பியிருந்தது.

“ஒப்படைச்சிட்டேன்க்கா. இப்பதான் ரிலீவ் ஆனேன்.”

“உன் ஷிஃப்டை அவ பார்த்துட்டாடா” என்றேன்.

“தெரியும்.”

 மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. திரும்பவும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வான் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று ஆத்திரமாக இருந்தது. அதே சமயம் அவன் முழுசாக வந்து நிற்கிறான் என்ற நிம்மதியும் வந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அடுக்களையில் இருந்து அவள் வந்தாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாத்திரை அட்டவணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“அண்ணிக்கு எட்டு மணிக்கு மாத்திரை. அஞ்சு நிமிஷம்கூடப் பிந்தக் கூடாது. எது எதுன்னு இதுல எழுதியிருக்கு. எனக்கு அசதியா இருக்கு, படுக்கறேன்.”

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அவன் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். எண்ணூறு பேரை மலை மேல் ஏற்றி இறக்கியவனுக்கு அந்தக் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. வெகு நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, சின்ன வயதுக் குரலில் கேட்டான்.

“கோவமா இருக்காளாக்கா?”

“எனக்கு இருந்த கோவத்தை நான் போன்லயே கொட்டித் தீத்துட்டேன்டா” என்றேன். “அவ இருபது வருஷமா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

அவன் நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். எட்டு அடித்ததும் எழுந்து போய் மாத்திரைகளை எண்ணி எடுத்து, தண்ணீரோடு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.